பைக்கு அளவான வடகம்

யூலை 14, திங்கள்

இன்று என் பிழை ஒன்று வெளியே வந்தது. சின்னப் பிழை என்று எழுதிவிட்டு வெட்டினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். சின்னப் பிழைதான். ஒரு பெட்டியைத் திருப்பி ஒட்டினேன். அவ்வளவுதான்.

மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பிக்கிற கோபிசங்கர் சேர், வேலைக்குப் போகிறவர்கள் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். செய்தது, பிழைத்தது, நாளை செய்ய வேண்டியது என்ற ஒழுங்கில் எழுதச் சொன்னார். எனக்கு எப்போதும் நடுப்பகுதிதான் நீளுகிறது.

நான் வேலை செய்வது கொக்குவிலில், உதயகலா அக்காவிடம். அவருடைய வீட்டுப் பின்பக்கத்தில் மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம் மூன்றும் செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறோம். தூளை அக்காவே மில்லில் அரைப்பித்து எடுப்பார். வடகம் இராசாத்தி அக்காவின் பொறுப்பு. பார்சல் கட்டுவது நான்.

புதுப் பெட்டி வாங்குவதில்லை. கடைகளில் சாமான் வந்த வெறும் காட்போட் பெட்டிகளை எடுத்து வருவோம். ஒட்டிய விளிம்பைக் கத்தியால் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து மறுபடி ஒட்டினால், சவர்க்காரப் பெட்டியோ பிஸ்கற் பெட்டியோ, வெளியே ஒரு எழுத்தும் இல்லாமல் புதிது போல இருக்கும். இந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

போன கிழமை கொழும்பில் வெள்ளவத்தைக்குப் போன பெட்டி, டின்மீன் வந்த பெட்டி. தெரிந்துதான் எடுத்தேன். மூக்கை வைத்து மணந்தும் பார்த்தேன், ஒரு மணமும் இல்லை. திருப்பிவிட்டால் மீன் படம் வெளியே தெரியாது என்று நினைத்தேன். திருப்பினால் அது உள்ளே போகும் என்று நினைக்கவில்லை.

அந்தப் பெட்டி போனது கனகசபாபதி ஐயாவின் கடைக்கு. சைவச் சாப்பாட்டுக் கடை, முன்பக்கத்தில் எங்கள் சாமான்களை விற்கிறார். ஆடி அமாவாசை வருகிறது. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் பிடிக்கிற நாள். அதற்கு வடகமும் மோர்மிளகாயும் வாங்க வந்த சனத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

அவர் உதயகலா அக்காவோடு தொலைபேசியில் கதைத்தது முற்றம் வரைக்கும் கேட்டது.

"பெட்டியை வெட்டித் திறக்கிறன், நாலு பக்கமும் மீன் என்னைப் பாக்குது பிள்ளை! நடுவிலை உன்ரை வடகம். தேப்பனுக்கு விரதச் சாமான் வாங்க வந்த மனிசன் படியிலை செருப்பைப் போட்டுக்கொண்டு போயிட்டார்."

"ஐயா, எல்லாம் பொலித்தீனிலை சீல் பண்ணினது. ஒண்டிலும் படேல்லை."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு ஆர் சொல்லுறது? இனிப் பெட்டியிலை அனுப்பாதை. புதுப்பெட்டி எண்டாலும் எனக்கு வேண்டாம். நீங்கள் எதைத் திருப்பி ஒட்டுறியள் எண்டு நான் என்னெண்டு நம்புறது? அடுத்த கிழமை செவ்வாய்க்குள்ளை வேறை விதமா அனுப்பு. ஏலாதெண்டால் சொல்லு, இங்கை வேறை ஆக்கள் இருக்கினம்."

உதயகலா அக்கா என்னை ஏசவில்லை. "திருப்பச் சொல்லித் தந்தது நான்தானே" என்றார். ஏசியிருந்தால் நல்லது என்று பட்டது.

பேசியது இராசாத்தி அக்கா. உழுந்து கழுவிய கையோடு வாசலில் வந்து நின்று, "குருநகர்ப் பிள்ளை மீன் பெட்டியிலை போடாமல் வேறை எதிலை போடும்?" என்று சிரித்தார். பகிடிதான், எங்கள் குருநகர் மீன்பிடிக்கிற ஊர். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது குத்தியது. வேறு யாராவது அந்தப் பெட்டியை எடுத்திருந்தால் மீன் கண்ணில் பட்டிருக்குமா? எங்கள் வீட்டில் மீன் எல்லா இடத்திலும் இருப்பதால் எனக்குப் படவில்லையா?

வகுப்பில் இன்று பெறுமானத் தேய்வு. ஒரு மேசை வருடா வருடம் எப்படி மலிந்துகொண்டு போகிறது என்று சேர் விளக்கினார். பாதியில் கண் அயர்ந்துவிட்டது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் பெயர் லெனாட். பிறந்ததில் இருந்து கடல்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "டின்மீனோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"எங்கையோ பிடிச்சு எங்கையோ அடைச்ச மீன். உது எங்கடை மீனும் இல்லையே! உதுக்கோ நீ பேச்சு வாங்கினனி?"

அவருக்கு அதுதான் கவலை.

நாளை: கூரியர் கந்தோரில் பை வகைகளைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

யூலை 15, செவ்வாய்

காங்கேசன்துறை வீதியில் உள்ள கூரியர் கந்தோருக்கு வேலைக்குப் போகும் வழியில் போனேன். அங்கே பார்சல் எடுக்கிற கீர்த்திகன், நான் வாய் திறக்க முதலே, "மீன் பெட்டி ஆக்கள் வாங்கோ" என்றான். உதயகலா அக்கா நேற்றே சொல்லியிருக்கிறார் போல.

அவன் மூன்று விதமான பை எடுத்து மேசையில் போட்டான். ஒன்று வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பை. இன்னொன்று அதே பை, ஆனால் உள்ளே காற்றுக் குமிழ்கள் வைத்தது. மூன்றாவது கடுதாசிப் பை, அது மிளகாய்த்தூளுக்குச் சரிவராது. வாயில் ஒரு நாடா இருக்கிறது. அதை உரித்து மடித்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு கிழித்தால்தான் திறக்கலாம்.

"தங்கச்சி, நான் எப்பவோ சொன்னனான். பெட்டிக்குள்ளை இருக்கிற காத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கட்டுறியள். பை எண்டால் சாமான் எவ்வளவோ அவ்வளவுதான்."

"உடையிற சாமானை என்ன செய்யிறது அண்ணை?"

"உடையிற சாமானை விக்கிறதை விடுறது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு, "சும்மா சொன்னனான். ஒண்டைக் கட்டித் தாங்கோ. எங்கடை வாகனத்திலை நெல்லியடிக் கிளைக்குப் போய் நாளைக் காலமை திரும்பி வரட்டும். கொழும்புக்குப் போறதும் இதே மாதிரித்தான். மேலை நாலு மூட்டை ஏறும், கீழை நாலு மூட்டை கிடக்கும்" என்றான்.

நல்ல யோசனை. நானே யோசித்திருக்க வேண்டும்.

குமிழ் வைத்த பையில் தூள், மோர்மிளகாய், வடகம் மூன்றிலும் ஒவ்வொரு பைக்கற் வைத்துக் கட்டினேன். உதயகலா அக்கா வெறும் பை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து உள்ளும் புறமும் பார்த்தார். "நல்லது. உதுக்கு முற்பிறப்பு இல்லை" என்றார். உண்மைதான். சவர்க்காரமாகவோ மீனாகவோ இருந்து வராத பை. எனக்கும் பிடித்துவிட்டது. பெட்டி பிரித்து, திருப்பி, ஒட்டுகிற வேலையே இல்லை. அந்த வேலைதான் எனக்கு இங்கே ஒழுங்காகத் தெரிந்த வேலை என்பதும் அதே நேரம் ஞாபகம் வந்தது.

இராசாத்தி அக்கா பையைத் தொட்டுப் பார்க்கவில்லை. "தலையணைக்குள்ளை வடகமோ?" என்றார்.

மாலை வகுப்புக்குப் போய்ச் சேரும்போது கால் இரண்டும் கனத்துப்போயிருந்தது. சோளகக் காற்றில் வீதியெல்லாம் புழுதி. கொப்பியைத் திறந்தால் அதற்குள்ளும் மண்.

நாளை: திரும்பி வரும் பையை எல்லோருக்கும் முன்னால் திறக்க வேண்டும். தனியாகத் திறந்தால் விளைவை எனக்குச் சாதகமாகப் பார்த்துவிடுவேன்.

யூலை 16, புதன்

திறந்தோம். தூளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மோர்மிளகாய் கொஞ்சம் நசிந்திருந்தது, விற்கலாம். வடகம் போய்விட்டது. முழுதாக இருந்தவை ஒரு கை அளவுக்கும் வராது. மிச்சமெல்லாம் துண்டும் தூளும். வேப்பம்பூக் காம்புகள் தனியாகப் பிரிந்து கிடந்தன.

இராசாத்தி அக்கா தட்டுகிற வடகம் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். நடுவில் கொஞ்சம் தடிப்பாக, ஓரம் மெல்லியதாக இருக்கும். எண்ணெயில் போட்டால் ஓரம் சுருண்டு பொரியும். அதற்காகவே வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மெல்லிய ஓரம்தான் முதலில் உடைகிறது.

உதயகலா அக்கா துண்டுகளைக் கூட்டி ஒரு பக்கம் வைத்தார். பிறகு, "தூளையும் மிளகாயையும் பையிலை அனுப்புவம். வடகத்தை விடுவம்" என்றார்.

இராசாத்தி அக்கா முற்றத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று உதயகலா அக்காவுக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் அந்தச் சத்தத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியாது.

வடகத்தில் பெரும்பங்கு கனகசபாபதி ஐயாவுக்குத்தான் போகிறது. அவர் பெட்டி வேண்டாம் என்கிறார். பையில் வடகம் போகாது. வடகம் இல்லையென்றால் இராசாத்தி அக்காவுக்கு இங்கே வேலை இல்லை. அவருடைய மகள் இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறாள். இதை இந்த ஒழுங்கில் எழுதிப் பார்த்தால், முதல் வரிக்கு மேலே வர வேண்டியது என்னுடைய டின்மீன் பெட்டி.

மத்தியானம் சாப்பிடாமல் ஒரு வழி பார்த்தேன். காட்போட் மட்டைகளை வெட்டி, வடகப் பைக்கற்றுக்கு மேலும் கீழும் வைத்து, நூலால் கட்டிப் பைக்குள் நுழைத்தேன். படம் இல்லாத மடிப்புப் பக்கமாகத் தேடி வெட்டினேன். பையின் வாய் மூடவில்லை. அழுத்தி மூடினால் மட்டையின் மூலை பையைக் கிழித்தது. மூலையை வட்டமாக வெட்டிப் பார்த்தேன். அப்போது உதயகலா அக்கா வந்தார்.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

"மட்டை வைச்சுப் பாக்கிறன் அக்கா."

"பைக்குள்ளை பெட்டியை வைக்கிறதெண்டால் பை எதுக்கு?"

நூலை அவிழ்த்தேன். மட்டை எங்கிருந்து வந்தது என்று கனகசபாபதி ஐயாவும் கேட்பார்.

பிறகு முற்றத்துக்குப் போனேன். காகம் வராமல் வடகப் பாய்களுக்கு மேல் வலை போட்டிருக்கிறது. அது அப்பாவின் பழைய வலை. போன வருடம் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். இராசாத்தி அக்கா அதைச் சவர்க்காரத் தண்ணீரில் அலசி, நாட்கணக்காக வெயிலில் போட்டு எடுத்தார். ஒரு வருடமாக விரத வடகம் மீன் வலைக்குக் கீழேதான் காய்கிறது. இதை நான் சொல்லவில்லை. ஆனால் நான் வலையைப் பார்த்த விதத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன பாக்கிறாய்? வலை மீனைப் பிடிக்கும், படம் காட்டாது" என்றார்.

அந்தத் துணிவில் கேட்டேன். "அக்கா, வடகத்தைச் சின்னனாத் தட்டினால் உடையாதோ?"

"எவ்வளவு சின்னன்?"

பெருவிரல் நுனியைக் காட்டினேன்.

"உது வடகமோ, குளிசையோ? ஒரு நாளைக்கு மூண்டு நேரம், சாப்பாட்டுக்குப் பிறகு, என்ன?" அவருக்குக் கோபம். பாயின் நுனிக்குக் கல்லை வைத்தார். "பெட்டியிலை பிழை விட்டவை எல்லாம் வடகத்துக்குப் பாடம் எடுக்க வந்திட்டினம். போ பிள்ளை, போய்த் தூளை நிறு."

போய்த் தூள் நிறுத்தேன். இரண்டு தரம் பிழையாக நிறுத்தேன்.

நாளை: தூளுக்கும் மிளகாய்க்கும் எந்த அளவுப் பை தேவை என்று பார்த்து, கீர்த்திகனிடம் சொல்ல வேண்டும். வடகத்துக்கு எதுவும் எழுதத் தெரியவில்லை.

யூலை 17, வியாழன்

காலையில் பை அளவுகளைக் கொடுத்தேன். தூளும் மோர்மிளகாயும் பையில் போவது என்று முடிவாகிவிட்டது. பெட்டிகளை மடித்துப் பின் தாழ்வாரத்தில் அடுக்கினேன். அடுக்கும்போது ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் பார்த்தேன். இனிப் பார்த்து என்ன.

மூன்று மணிபோல இராசாத்தி அக்கா ஒரு சுளகோடு உள்ளே வந்தார். சுளகில் வடகம். ஒவ்வொன்றும் ஒரு கோப்பி விதை போல, பெரிய கோப்பி விதை போல, தடிப்பாக உருண்டு இருந்தது. ஓரமே இல்லை. நேற்று நான் போன பிறகு மிச்ச மாவில் தட்டியிருக்கிறார். சின்னதாக இருந்ததால் இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் அதற்குள் காய்ந்துவிட்டது.

"இந்தா உன்ரை குளிசை. போடு பையிலை" என்றார்.

பைக்கற்றில் இறுக்கி நிரப்பி, காற்றைப் பிதுக்கிச் சீல் பண்ணி, குமிழ்ப் பைக்குள் வைத்து ஒட்டினேன். நெல்லியடிக்கு இன்னொரு தரம் அனுப்ப நேரமில்லை. மேலே தூள் மூட்டையை வைப்போம் என்றேன்.

"மூட்டை எதுக்கு?" இராசாத்தி அக்கா பையைக் கதிரையில் போட்டு அதற்கு மேலேயே ஏறி இருந்தார். "என்ரை எடையைத் தாங்கினால் கொழும்பு மட்டும் தாங்கும்." கொஞ்சம் அசைந்தும் கொடுத்தார். "இது வவுனியா ரோட்டு. இது புத்தளம் பக்கம் குண்டும் குழியும். கலா, தேத்தண்ணி கொண்டு வாவன், இது நீண்ட பயணம்."

உதயகலா அக்கா சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கிழித்துத் திறந்தோம். சிலது பிளந்திருந்தது. மற்றவை அப்படியே இருந்தன. பொரித்தும் பார்த்தோம். ஓரம் சுருளவில்லை, ஓரம்தான் இல்லையே. ஆனால் கைப்பும் உறைப்பும் அதேதான். இராசாத்தி அக்கா ஒன்றை வாயில் போட்டு, "ம்" என்றார்.

உதயகலா அக்கா கனகசபாபதி ஐயாவைத் தொலைபேசியில் எடுத்தார்.

"சின்னனோ?" என்றார் அவர். "சின்னனெண்டால் பறவாயில்லை, சாப்பாட்டோடை ரெண்டு மூண்டு வைக்கலாம். உடையாமல் வரட்டும், பாப்பம். உடைஞ்சு வந்தால் இனி எனக்குத் தூள் மட்டும் போதும்."

அவருக்குச் செவ்வாய்க்கிழமைக்குள் கிடைக்க வேண்டும். அப்படியென்றால் திங்கள் காலை பை கூரியருக்குப் போக வேண்டும். சனியும் ஞாயிறும் வெயில் காய வேண்டும். நாளை மத்தியானத்துக்குள் அவ்வளவு வடகமும் பாயில் இருக்க வேண்டும்.

இராசாத்தி அக்கா கணக்குப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். பெரிய வடகம் ஒன்று தட்டுகிற மாவில் இது நாலைந்து வரும். நாலைந்து தரம் உருட்ட வேண்டும். அவருடைய விரல் நுனிகள் உப்பிலும் மிளகாயிலும் வெடித்திருக்கின்றன. அதை நான் இன்றுதான் சரியாகப் பார்த்தேன். பார்சல் மேசையில் இருந்து பார்த்தால் அவருடைய முதுகுதான் தெரியும்.

பையைத் தெரிந்து எடுத்தது நான். எனக்கு ஒரு வேலை குறைந்துவிட்டது. அது அவருடைய விரலில் போய் ஏறியிருக்கிறது.

"நானும் வந்து தட்டட்டோ அக்கா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இந்த வீட்டில் நான் ஒருநாளும் மாவில் கை வைத்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. தொடு என்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

உதயகலா அக்கா இராசாத்தி அக்காவைப் பார்த்தார். இராசாத்தி அக்கா சுளகைத் தட்டித் துகளை விழுத்தினார்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. விரதச் சாமான். மீன் திண்டிட்டு வந்தால் முற்றத்துக்கும் விடமாட்டன்."

"திங்காமல் வாறன்."

"இண்டைக்கு இரவும்."

"ஓம்."

"தலை முழுகிப்போட்டு வா. நகத்தை வெட்டு. ஏழு மணிக்கு முன்னம் வா, வெயில் ஏறினால் மா புளிச்சிடும். சும்மா வந்து நிண்டுகொண்டு எனக்கு அளவு சொல்லிக் காட்டுறேல்லை, விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

வகுப்பில் சேர் என்ன படிப்பித்தார் என்று எழுத ஒன்றும் இல்லை. இருந்தேன், வந்தேன்.

வீட்டில் அம்மா சூடைமீன் பொரித்து வைத்திருந்தார். நாங்கள் கத்தோலிக்கர், வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி இல்லை என்பதால் வெள்ளிக்கிழமை கட்டாயம் மீன் இருக்கும். வியாழக்கிழமை சும்மாவே மீன் இருக்கும். எனக்கு இன்றும் வேண்டாம், நாளைக்கும் வேண்டாம் என்றேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஆரோ அடைச்ச டின்மீனுக்காக, உன்ரை தேப்பன் பிடிச்ச மீனை விடுறாய்?"

"ஒரு நாளைக்குத்தான் அப்பா."

"அந்த மனிசி எங்கடை வலையைத் திருப்பித் தரட்டும் எண்டு சொல்லு." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். பிறகு, "வலை கிழிஞ்சிருக்கோ? கிழிஞ்சிருந்தால் கொண்டு வா, பொத்தித் தாறன். காகம் பூந்திடும்" என்றார்.

பிட்டும் சம்பலும் சாப்பிட்டேன். சம்பலில் மாசிக்கருவாடு போட்டதோ என்று அம்மாவிடம் இரண்டு தரம் கேட்டேன். இல்லை என்று இரண்டு தரமும் சொன்னார். மூன்றாம் தரம் கேட்க வாய் வந்தது. அடக்கிவிட்டேன்.

சின்ன வடகம் கொழும்பு மட்டும் உடையாமல் போகுமா என்று எனக்குத் தெரியாது. கதிரையில் ஒருவர் இருந்து பார்த்தது சரியான பரிசோதனை இல்லை. திங்கட்கிழமை கீர்த்திகனிடம், பையை மூட்டைகளுக்கு மேலே வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவன் சிரிப்பான். கேட்கத்தான் வேண்டும்.

நகம் வெட்டியாயிற்று.

நாளை: தலை முழுகி, மீன் தொடாமல், ஏழு மணிக்கு முன் கொக்குவிலுக்குப் போய், இராசாத்தி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து வடகம் தட்ட வேண்டும். வலையில் கிழிந்த இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.